தினம் இருபது நிமிடம்: மூன்று மொழிக்காரப் பிள்ளைக்கு ஆங்கிலம்

பர்மாவில் யாங்கோனுக்கு (பழைய ரங்கூனுக்கு) பக்கத்தில் தன்லியின் என்ற ஊரில் இருக்கும் ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். மகன் மூன்றாம் வகுப்பு, மகள் முதல் வகுப்பு, இரண்டு பேரும் அரசுப் பள்ளி. வீட்டில் தமிழ், தெருவிலும் பள்ளியிலும் பர்மியம். மகன் ஆங்கிலத்தில் எண்பதுக்குக் குறையாமல் மார்க் வாங்குகிறான். ஆனால் 'வாட் இஸ் யுவர் சிஸ்டர் டூயிங்?' என்று யாராவது கேட்டுவிட்டால் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறான். "எனக்கு ஆங்கிலம் தெரியாது. தினமும் வீட்டில் என்ன பயிற்சி கொடுக்கலாம்? தமிழை நிறுத்திவிட்டு வீட்டிலும் ஆங்கிலமே பேசச் சொல்கிறார்கள், அப்படிச் செய்யலாமா? ச்யூஷினுக்கு (டியூஷனுக்கு) அனுப்பட்டுமா?" இவைதான் கேள்விகள். யாங்கோனில் பல வருடமாகக் கோயில் மண்டபத்தில் சாயந்திர வகுப்பு எடுக்கிறவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் தவறினால் மற்றதெல்லாம் வீண். வேண்டாம் சகோதரி. தமிழை நிறுத்தாதீர்கள். உங்களுக்கு ஆங்கிலத்தில் ஐம்பது சொல் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். நாளையிலிருந்து வீட்டில் ஆங்கிலம் மட்டும் என்றால், உங்கள் பிள்ளைக்கு அம்மாவிடமிருந்து ஒரு நாளைக்குக் கிடைக்கப்போவது அந்த ஐம்பது சொல்தான். இப்போது அவன் உங்களிடம் "ஏம்மா மழை பெஞ்சா தவளை கத்துது?" என்று கேட்கிறான், நீங்கள் தெரிந்ததைச் சொல்கிறீர்கள். காரணம் கேட்பது, கதை சொல்வது, 'அப்படி நடந்திருந்தால்' என்று நினைத்துப் பார்ப்பது, எல்லாவற்றையும் அவன் தமிழில் கற்றுக்கொண்டிருக்கிறான். ஜிம் கம்மின்ஸ் என்ற மொழிக்கல்வி அறிஞர் 1979-இல் இதைத் தெளிவாக எழுதினார்: ஒரு மொழியில் பிள்ளை வளர்த்துக்கொண்ட சிந்தனைத் திறன் அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும். அந்த வேரைப் பிடுங்கிவிட்டு ஆங்கிலத்தை நட முடியாது.

நம் நாட்டில் இன்னொரு காரணமும் இருக்கிறது. 1960களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபோது நம் தமிழ்ப் பள்ளிகளும் போயின. இப்போது பர்மாவில் ஒரு குழந்தைக்குத் தமிழ் கிடைக்கும் இடம் வீடும் கோயில் வகுப்பும்தான். ஆங்கிலம் பள்ளியில் கிடைக்கும், போனில் கிடைக்கும், பத்து வருடம் கழித்துக் காசு கொடுத்தாலும் கிடைக்கும். வீட்டில் போன தமிழ் அப்படித் திரும்பி வராது.

'எனக்கு ஆங்கிலம் தெரியாது' என்று நீங்கள் குற்றவாளி மாதிரி எழுதியிருப்பதும் எனக்கு வருத்தமாக இருந்தது. அந்தக் காலத்து ரங்கூனில் கணக்குப்பிள்ளையாகவும் கிளார்க்காகவும் இருந்த நம் தாத்தாக்கள் பலர் ஆங்கிலம் எழுதிப் பேசியவர்கள். 1960களில் அரசு ஆங்கிலத்தைப் பின்னுக்குத் தள்ளி, ஐந்தாம் வகுப்பில்தான் தொடங்கும் பாடமாக்கியது. 1980களின் தொடக்கத்தில்தான் அது மறுபடி சின்ன வகுப்புக்கு வந்தது. இடையில் படித்தவர்களுக்கு ஆங்கிலம் வாய்க்கவே இல்லை. தனக்கே வராததை அவர்கள் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவார்கள்? நம் வீடுகளில் ஆங்கிலம் அறுந்துபோனது அப்படித்தான். உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அதோடு, நான் கீழே சொல்லப்போகிற பயிற்சியில் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

சரி, எண்பது மார்க் வாங்குகிறவனுக்கு ஏன் வாய் வரவில்லை? என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பாடப் புத்தகத்தைத் திறந்து, விரலை வைத்து, ஒரு பக்கம் முழுவதும் தடங்கலில்லாமல் வாசித்தான். நான் அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் மூன்றாவது வரியில் இருக்கும்போது விரல் நான்காவது வரியின் நடுவில் இருந்தது. புத்தகத்தை வாங்கி, ஒரு வரியை மட்டும் விட்டு மற்றதைத் தாளால் மூடி, அந்த வரியைக் கடைசிச் சொல்லிலிருந்து முன்னோக்கி வாசிக்கச் சொன்னேன். ஒரு சொல்கூட வரவில்லை. பக்கம் முழுவதும் அவனுக்குப் பாட்டு மாதிரி மனப்பாடம். வகுப்பில் சயாமா (டீச்சரம்மா) சொல்ல, நாற்பது பிள்ளைகள் சேர்ந்து சத்தமாகத் திருப்பிச் சொல்லும் பழக்கத்தில் காது அந்த மெட்டைப் பிடித்துவிட்டது, கண் எழுத்தைப் பிடிக்கவில்லை. சயாமாக்களைக் குறை சொல்லவில்லை. 2017-இல் முதல் வகுப்புக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில் இரண்டு பேராகப் பேசிப் பழகும் பாடங்கள் இருக்கின்றன. அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

இன்று ராத்திரி உங்கள் மகனிடமும் இதே சோதனையைச் செய்து பாருங்கள். பின்னாலிருந்து வாசிக்க அவனால் முடிந்தால் அவனுக்கு எழுத்து தெரியும், வாய்ப் பயிற்சி மட்டும் போதும். முடியாவிட்டால் வாசிப்பையும் அடியிலிருந்து பிடிக்க வேண்டும்.

இப்போது தினப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதைவிட, தினமும் இருபது நிமிடம் எத்தனையோ மேல். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885-இல் தன்னையே சோதித்துப் பார்த்து எழுதி வைத்தது இது: புதிதாகக் கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துபோகிறது, இடைவெளி விட்டு விட்டுத் திரும்பத் தொட்டால்தான் நிற்கிறது. அதனால் நேரத்தைக் கூட்டாதீர்கள், நாளைக் கூட்டுங்கள். சாயந்திரம் விளக்கேற்றின பிறகு, சாப்பாட்டுக்கு முன்னால் என்று ஒரே நேரமாக இருக்கட்டும். கரண்ட் போனாலும் நடக்கிற பயிற்சியாக இருக்கட்டும். நம் ஊரில் கரண்டை நம்பிப் பாடம் வைத்தால் வாரத்தில் பாதி நாள் பாடம் இருக்காது.

அந்த இருபது நிமிடத்தில் ஐந்து நிமிடம் ஒலிக்கு. இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகளிடம் இருக்கிற பெரிய சொத்தை நாம் கவனிப்பதே இல்லை. அவர்கள் வாயில் இரண்டு மொழி ஏற்கெனவே இருக்கிறது. தமிழில் இல்லாத ஆங்கில ஒலி பல பர்மியத்தில் இருக்கிறது. பர்மியத்தில் இல்லாதது சில தமிழில் இருக்கிறது.

'த்ரீ', 'திங்க்' என்ற சொற்களின் முதல் ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர் அதை நம் 'த' ஆக்கிவிடுவார். பர்மியத்தில் மூன்றுக்கு என்ன சொல்கிறோம்? 'தோன்'. அதன் முதல் ஒலி நம் 'தோழன்' சொல்லின் 'த' இல்லையே, நாக்கு நுனி பல்லுக்கு வந்து காற்று கசிகிற ஒலி. சித்திரையில் தண்ணீர் ஊற்றி விளையாடுகிற திஞ்சானிலும் அதே ஒலிதான், உங்கள் ஊர் தன்லியின் பெயரிலும் அதேதான். உங்கள் மகனுக்கு அது பிறந்ததிலிருந்தே தெரியும். 'தோன் சொல்லு, இப்போ அதே நாக்கோட த்ரீ சொல்லு' என்றால் போதும், அரை நிமிட வேலை.

அடுத்து 'ப'. நமக்கு ஒரே எழுத்து. குண்டூசியும் குப்பைத் தொட்டியும் ஆங்கிலத்தில் வேறு வேறு சொல், தமிழில் எழுதினால் இரண்டுமே 'பின்' ஆகிவிடும். பர்மியத்தில் இதற்கு மூன்று தனி ஒலி உண்டு. பிள்ளைகள் அப்பாவைப் பர்மியத்தில் 'ப்ஹேப்ஹே' என்று கூப்பிடும்போது வாயிலிருந்து குப்பென்று காற்று வருகிறதல்லவா? பேனாவுக்கான 'பென்' அந்தக் காற்றோடு சொல்ல வேண்டிய சொல். ஒரு சின்னத் தாள் துண்டை வாய்க்கு முன்னால் தொங்கவிட்டுப் பிடியுங்கள். 'பென்' என்றால் தாள் ஆட வேண்டும். பையைக் குறிக்கும் 'பேக்' என்றால் ஆடக் கூடாது. தாள் ஆடுகிறதா இல்லையா என்று பார்க்க அம்மாவுக்கு ஆங்கிலம் எதற்கு?

தேனீ ரீங்காரம் போடுவது போன்ற ஒலி தமிழில் கிடையாது. அதனால் மிருகக்காட்சிச்சாலையை நாம் 'ஜூ' என்கிறோம். ஆனால் தினமும் சந்தைக்குப் போகும்போது பர்மியத்தில் 'ஸே' என்கிறோமே, அதன் முதல் ஒலி அந்த ரீங்காரம்தான். தொண்டையில் கை வைத்துச் சொல்லிப் பாருங்கள், அதிரும். 1906-இல் திறந்த யாங்கோன் மிருகக்காட்சிச்சாலைக்குப் பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிப் போனால் அந்த ஒலியை நாள் முழுக்கச் சொல்லவைக்கலாம். 'ஷி', 'ஷாப்' சொல்லும் ஒலி ஷ்வேடகோன் பகோடாவின் பெயரில் இருக்கிறது. பர்மியத்தில் இல்லாதது கீழுதட்டைப் பல் தொட்டுச் சொல்லும் ஒலி. டிவியைப் பர்மியர் 'டீபீ' என்பது அதனால்தான். அதைத் தமிழ் 'வ' பக்கத்திலிருந்து கொண்டுவரலாம், பல்லை மட்டும் உதட்டில் லேசாக வைக்கச் சொல்ல வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும்விட நம் பிள்ளைகளுக்கு இடறுகிற இடம் சொல்லின் கடைசி. பர்மியத்தில் சொல் வல்லின மெய்யில் முடிகிற மாதிரி எழுதியிருந்தாலும் அதை வெளியே விடுவதில்லை, தொண்டையில் அடைத்து நிறுத்திவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் 'லைக்', 'லைட்', 'லைஃப்' மூன்றும் பிள்ளை வாயில் ஒரே 'லை' ஆகிவிடும். தமிழோ அதற்கு நேர் எதிர். நமக்கு வல்லினத்தில் சொல்லை முடித்துப் பழக்கமில்லை, ஓர் உகரத்தைச் சேர்த்துவிடுவோம்: பஸ்ஸு, புக்கு, லைட்டு. ஒரே பிள்ளை காலையில் பள்ளியில் கடைசியை விழுங்குவான், சாயந்திரம் பாட்டியிடம் வால் சேர்ப்பான். இரண்டுக்கும் ஒரே மருந்துதான். தொப்பிக்கு 'கேப்', பூனைக்கு 'கேட்', தகர டப்பாவுக்கு 'கேன்'. மூன்று படம் வரைந்து உங்கள் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று ஒன்றைச் சொல்லட்டும். நீங்கள் காதில் விழுந்த படத்தைத் தொடுங்கள். தவறான படத்தைத் தொட்டால் அவன் இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும். முதல் வாரம் அவன் கோபப்படுவான், "நான் கேட்தான் சொன்னேன்" என்று சண்டைக்கு வருவான். கோபம் நல்லது, தன் வாயைத் தானே கவனிக்க ஆரம்பித்திருக்கிறான் என்று அர்த்தம். மூன்றாம் வாரத்தில் நீங்கள் தவற மாட்டீர்கள்.

ஒரு எச்சரிக்கை. நம் ஊர்ப் பெயர்ப் பலகைகளை வைத்து ஆங்கில எழுத்து சொல்லிக் கொடுக்காதீர்கள். பர்மியச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை தனி. 'கே', 'ஒய்' இரண்டையும் சேர்த்து எழுதியிருந்தால் நாம் 'ச' என்று வாசிக்கிறோம். ஆங்கிலத்தில் அந்த எழுத்துகள் 'ஸ்கை' சொல்லின் கடைசியில் வருவதைப் போல 'கை' ஆகும். பஸ் எண், கடைப் பலகையில் வரும் உண்மையான ஆங்கிலச் சொல், மருந்து அட்டை, பிஸ்கட் பாக்கெட் இவை சரி.

ஒலிக்கு அப்புறம் வாக்கியம். தமிழிலும் பர்மியத்திலும் வினை கடைசியில் நிற்கும். 'நான் சோறு சாப்பிடுகிறேன்' என்றாலும் பர்மியத்தில் 'தமின் சா தெ' என்றாலும் சோறு முன்னால், சாப்பிடுவது பின்னால். ஆங்கிலத்தில் வினை நடுவுக்கு வந்துவிடும். இரண்டு மொழியிலும் கடைசியில் வைத்துப் பழகிய பிள்ளைக்கு வினையை நடுவில் வைப்பது உடம்புக்கே புதிது, அதனால் உடம்பாலேயே சொல்லித் தருகிறேன். பழைய காலண்டர் அட்டையில் மூன்று சொல்லை எழுதித் தரையில் வரிசையாக வைப்பேன்: 'ஐ', 'ரைஸ்', 'ஈட்', தமிழ் வரிசையில். பிள்ளை எழுந்து போய் 'ஈட்' அட்டையை எடுத்துக்கொண்டு நடந்து வந்து நடுவில் வைக்க வேண்டும், வைத்துவிட்டு 'ஐ ஈட் ரைஸ்' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். மறுநாள் 'ரைஸ்' போய் 'மாங்கோ' வரும், அதற்கு மறுநாள் 'ஐ' போய் 'மை சிஸ்டர்' வரும். ஒரு பெண் குழந்தை இரண்டு வாரம் நடந்தாள். அதன் பிறகு உட்கார்ந்த இடத்திலேயே பேசும்போது அவள் விரல் மட்டும் வலமிருந்து இடமாக நகரும், வாக்கியம் சரியாக வரும்.

வேறு சில இடங்களில் தமிழ் நேராகவே தோள் கொடுக்கும். பர்மியப் பேச்சில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே 'தூ'. தமிழில் அவன், அவள் தனித்தனி. அதனால் 'ஹி', 'ஷி' நம் பிள்ளைக்குக் குழப்பம் இல்லை, 'அவன், அவள்' என்று நினைவுபடுத்தினால் போதும். பர்மிய வினை காலத்துக்காகத் தன் உருவத்தை மாற்றிக்கொள்வதில்லை. தமிழில் போனேன், போகிறேன், போவேன். அதனால் 'வென்ட்' ஏன் வருகிறது என்பதைத் தமிழில் கேட்டால் பிள்ளைக்குச் சட்டென்று விளங்கும். 'நான் போகிறேன், அவன் போகிறான்' என்று ஆளுக்கேற்ப வால் மாறுவதும் அவனுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் 'ஹி கோஸ்' என்று அந்த வால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் மிச்சமிருக்கிறது என்று சொல்லுங்கள். தமிழ் காலை வாரும் இடமும் உண்டு. 'ரெண்டு மாங்கா கொடு' என்கிறோம், 'மாங்காய்கள்' என்பதில்லை. ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேல் போனால் வால் கட்டாயம். அதே மாதிரி 'மேசை மேல்' என்பது 'ஆன் த டேபிள்' என்று தலைகீழாகும். சமையலறையில் நின்றே பழகலாம்: கரண்டியை எங்கே வைத்திருக்கிறேன், சொல்லு.

சொற்களுக்கு ஐந்து நிமிடம். கடையில் விற்கிற சுவர்ப் படங்களை வாங்கி ஆப்பிள், யானை, ரோஜா என்று ஒப்பிக்க வைக்கிறார்கள். அது எனக்குப் பிடிக்காது. பெயர்ச்சொல் எப்படியும் வந்துவிடும், பிள்ளையை நிறுத்துவது சின்னச் சொற்கள்: த, வாஸ், வித், தே, கம், செட். இவற்றுக்குப் படம் கிடையாது, எழுத்துக்கூட்டினாலும் பல சரியாக வராது. எட்வர்ட் டால்ச் என்ற அமெரிக்கப் பேராசிரியர் குழந்தைகள் புத்தகங்களில் அடிக்கடி வரும் இப்படிப்பட்ட 220 சொற்களைத் தொகுத்து 1936-இல் வெளியிட்டார். இன்றும் அந்தப் பட்டியல் எங்கும் கிடைக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு சொல் போதும், 110 நாளில் முடிந்துவிடும். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஆரம்பித்தால் மழை ஓய்வதற்குள் முடிந்துவிடும்.

மூன்று டப்பா வைத்துக்கொள்ளுங்கள், பால் டின் போதும். புதுச் சொல் முதல் டப்பாவில். அது தினமும் வெளியே வரும். மூன்று நாள் தொடர்ந்து பார்த்தவுடன் சொன்னால் இரண்டாம் டப்பா, அது இரண்டு நாளைக்கு ஒரு தரம். அதிலும் தவறாவிட்டால் மூன்றாவது, அது வாரம் ஒரு தரம். மறந்த அட்டை திட்டு வாங்காமல் முதல் டப்பாவுக்குத் திரும்பும். ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் அந்தச் சொல் வருகிற, பிள்ளை தானே சொன்ன ஒரு வாக்கியம் இருக்கட்டும். 'வித்' அட்டையின் பின்னால் என் மாணவன் ஒருவன் எழுதியது: 'ஐ ஸ்லீப் வித் மை கிராண்ட்மதர்.' அந்தச் சொல் அவனுக்கு இனி மறக்குமா?

வாசிப்புக்குப் பாடப் புத்தகம் வேண்டாம், அது ஏற்கெனவே பாட்டாகிவிட்டது. படம் நிறைந்த மெல்லிய கதைப் புத்தகம் வேண்டும். யாங்கோன் போகும்போது பழைய புத்தகத்துக்குப் பேர்போன பான்சொடான் தெருப் பக்கம் தேடினால் குறைந்த விலையில் அகப்படும். எடுக்கும்போது நடுவில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லித் தெரியாத சொல்லுக்கு ஒவ்வொரு விரலாக மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். ஒரு கதையை ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம். முடித்த பிறகு அந்தக் கதையை உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். தமிழில் சொல்ல முடிந்தால் புரிந்து வாசித்திருக்கிறான்.

கடைசி ஐந்து நிமிடம் பேச்சு. இங்கே நான் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும். வகுப்பு தொடங்கிய முதல் வருடங்களில் பிள்ளைகள் வாயைத் திறந்தாலே திருத்துவேன். நன்றாகப் பேச வந்த ஒரு சிறுமி, எட்டு வயது இருக்கும், சந்தையில் ஆட்டுக்குட்டி பார்த்ததைச் சொல்ல வந்தாள். முதல் வாக்கியத்தில் மூன்று தரம் நிறுத்தினேன். ஆட்டுக்குட்டி வரவே இல்லை, அவள் 'ஒண்ணுமில்ல' என்று உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு பல மாதம் அவளிடமிருந்து ஒரு சொல் பதில்தான். இன்றும் அதை நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது. இப்போது 'யெஸ்டர்டே ஐ கோ மார்க்கெட்' என்று ஒரு பிள்ளை சொன்னால், 'ஓ, யூ வென்ட் டு த மார்க்கெட்! வாட் டிட் யூ சீ?' என்று மட்டும் சொல்வேன். சரியான வாக்கியம் காதில் விழுந்துவிட்டது, பேச்சும் நிற்கவில்லை. உங்களுக்கு இப்படித் திருப்பிச் சொல்ல வராது என்றால் கவலைப்படாதீர்கள். நீங்கள் தமிழில் கேளுங்கள், அவன் ஆங்கிலத்தில் சொல்லட்டும். இன்று என்ன சாப்பிட்டாய், யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், எதற்குச் சிரித்தாய். சொல் தெரியாத இடத்தில் தமிழ்ச் சொல்லைப் போட்டு வாக்கியத்தை முடிக்கட்டும். 'மை ஃப்ரெண்ட் ஈட் மொய்ங்கா அண்ட் சட்டையில சிந்திட்டான்' என்றால் சிரியுங்கள், 'சிந்தறது' என்ற ஒரு சொல்லை அட்டையில் குறித்து வையுங்கள், நாளை முதல் டப்பாவுக்குப் போகட்டும். வாரத்தில் ஒரு நாள் அவன் வாத்தியார், நீங்கள் மாணவி. சொல்லிக் கொடுக்கும்போதுதான் அவனுக்குத் தெரியாதது அவனுக்கே தெரியும். நீங்களும் நாலு சொல் கற்றுக்கொள்வீர்கள்.

போன் வேண்டுமா என்றால், வேண்டும், ஆனால் ஓடவிட்டுப் பார்க்க இல்லை. பிரிட்டிஷ் கவுன்சில் குழந்தைகளுக்காகவே இலவசமாக வைத்திருக்கும் ஆங்கிலப் பாட்டும் கதையும் இணையத்தில் இருக்கின்றன. இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை எடுங்கள், இணையம் நன்றாகக் கிடைக்கும் நேரத்தில் இறக்கி வையுங்கள். அதே துண்டையே மூன்று நாள். முதல் நாள் கேட்பது, இரண்டாம் நாள் கூடவே சொல்வது, மூன்றாம் நாள் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்துக்கு அவன் குரல் கொடுப்பது. மூன்றாம் நாள் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

எழுதுவது தினம் ஒரு வாக்கியம், பக்கத்தில் ஒரு படம், தேதி. ஒரே வரியைப் பத்துத் தரம் எழுத வைக்காதீர்கள், நாலாவது தரத்துக்கு மேல் கை மட்டும்தான் எழுதும். மார்ச்சிலிருந்து மே முடிய விடுமுறை வரும்போது இருபது நிமிடத்தைப் பத்தாகக் குறைத்துக்கொள்ளலாம், நிறுத்த மட்டும் கூடாது. ஒவ்வொரு ஜூனிலும் நான் பார்க்கிறேன், மூன்று மாதம் முழுதாக விட்ட பிள்ளைகள் திரும்பவும் முதல் டப்பாவிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

இதெல்லாம் மகனுக்கு. முதல் வகுப்பு மகளை இப்போதைக்கு மேசையில் உட்கார வைக்க வேண்டாம். அவளுக்குப் பத்து நிமிட விளையாட்டு போதும். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் உருவாக்கிய முறை இது: கட்டளையைக் கேட்டு உடம்பால் பதில் சொல்வது. 'ஸ்டாண்ட் அப்', 'டச் த டோர்', 'பிரிங் மை ஸ்லிப்பர்ஸ்' என்று அண்ணன் சொல்லட்டும், தங்கை ஓடட்டும். அவள் ஒரு சொல்லும் பேச வேண்டியதில்லை, புரிந்து செய்தால் போதும். பல வாரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு ஒரு நாள் அவளே அண்ணனுக்குக் கட்டளை போடுவாள். அண்ணனுக்கும் இதில் லாபம்: கூச்சப்படுகிற பிள்ளை பெரியவர்களிடம் பேசத்தான் பயப்படும், தங்கையை விரட்ட பயப்படாது. உங்கள் மகனின் வாய் முதலில் அங்கேதான் திறக்கும் என்று நினைக்கிறேன்.

ச்யூஷின் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்ல ச்யூஷினும் இருக்கிறது, பள்ளியில் சொன்ன பாட்டையே சாயந்திரமும் சொல்ல வைத்துக் காசு வாங்குகிற ச்யூஷினும் இருக்கிறது. சேர்ப்பதற்கு முன் அந்தச் சயாமாவிடம் கேட்டு ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பாடம் புரியாவிட்டால் பரவாயில்லை. கையில் கொஞ்சம் புளியங்கொட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை கூட்டத்தோடு சேராமல் தனியாக, தன் சொந்த வாக்கியத்தைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் ஒரு கொட்டையை மடியில் போடுங்கள். ஒரு மணி நேரம் முடிந்து மடியில் ஐந்தாறு கொட்டைகூட விழவில்லை என்றால் அந்தக் காசுக்குக் கதைப் புத்தகம் வாங்குங்கள்.